பாலில்லாத பால்கோவா

பெற்றவர்களைப் பார்க்க வரும்போதெல்லாம் மகள் தன் சாப்பாட்டைத் தானே டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அல்ல. சிரித்தபடிதான் வருவாள். செருப்பைக் கழற்றுவாள், அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பாள், அப்பாவுக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்காருவாள். பசிக்கிற நேரத்தில் பையைத் திறந்து டப்பாவை எடுப்பாள். ஒரு தட்டுகூடக் கேட்க மாட்டாள். ஊருக்கெல்லாம் இனிப்புக் கிண்டிப் போடுகிற மாஸ்டரின் வீட்டில், அவர் பெற்ற ஒரே பெண் ரயிலில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வேறு பக்கம் பார்க்கலாம்தான். ஆனால் வேறு பக்கம் பார்த்தாலும் மூடி திறக்கிற சத்தம் காதில் விழும்.

அவள் ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒருமுறை மாதிரி எடுத்துவரப் பண்ணைக்கே அனுப்பினார்கள். அன்று அங்கே பசுவிடமிருந்து கன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்; பசு விடாமல் கதறியது. திரும்பி வந்தவள் ராத்திரிச் சாப்பாட்டில் தயிரைத் தள்ளி வைத்தாள். "அந்தச் சத்தம் காதுலயே நிக்குதுப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு பால், தயிர், வெண்ணெய் எதையும் தொடவில்லை. கொஞ்ச நாளில் அந்த வேலையையும் விட்டாள். யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அப்பா பாலைக் காய்ச்சித்தான் தன்னை வளர்த்தார் என்பதை ஒருநாளும் குத்திக் காட்டவும் இல்லை. அப்படி ஏதாவது பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றும்.

டப்பா வந்தது பருப்பினால். ஒருநாள் பருப்பைத் தட்டில் ஊற்றும்போது, "அம்மா, இதுல ஒண்ணும் கலக்கலையே?" என்று கேட்டாள். அம்மா, "இல்லடி, சாப்பிடு" என்றாள். பாதிச் சோற்றில் மகளின் கை நின்றது. அம்மா நிஜமாகவே குழம்பிப் போனாள்.

"ஒரு கரண்டி நெய்தானே விட்டேன். நெய்யில பால் எங்கடி இருக்கு? உருக்கி வடிகட்டி எல்லாந்தான் போயிடுச்சே."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் நெய்யை யாரும் ஒரு பொருளாக எண்ணியதே இல்லை. தண்ணீரை எண்ணுவார்களா? மாஸ்டரின் சட்டையில் நெய், தலையணையில் நெய், பேருந்து டிக்கெட்டில் நெய். மகள் எழுந்து கையைக் கழுவினாள். கத்தவில்லை. அடுத்த தடவை வரும்போது டப்பாவோடு வந்தாள்.

இப்போது அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது. போனால் சீக்கிரம் திரும்ப முடியாது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகப் போனில் சொன்னாள். மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்.  

"பாப்பா, பால் இல்லாம பால்கோவா பண்ணினா சாப்பிடுவியா?"



"நீங்க பண்ணினா சாப்பிடறேன்ப்பா."

"சரி."

"என்ன போட்டீங்கன்னு கேக்க மாட்டேன். நீங்க குடுத்தா வாயில போட்டுக்குவேன்."

போனை வைத்த பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரிந்தது. சின்ன வயசில் அவள் பால்கோவா என்றால் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவாள். அதற்காக மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. அப்பாவின் கையை நம்பி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கும் இருந்திருக்கிறது.

கடையின் பின்கட்டில் மத்தியான வேலை ஓய்ந்ததும் மாஸ்டர் தனியாக அடுப்பு பற்றவைத்தார். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், இப்ப எல்லாரும் பால், நெய் வேணாம், வீகன் வீகன்னுதான் அலையறாங்க. நல்லா வந்தா வெளியில போர்டு மாட்டிடலாம்."

"இது விக்கறதுக்கு இல்ல முதலாளி. வீட்டுக்கு."

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார்.  "கேஸை மட்டும் மறக்காம மூடிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து அடுப்பில் மிக்சர், சேவு வகையறா பார்க்கிற கார மாஸ்டருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் வயசில் இளையவர், வாயில் மூத்தவர்.

"என்னண்ணே, பாலே இல்லாம பால்கோவாவா? நாளைக்கு என்னைக் கடலைமாவு இல்லாம மிக்சர் போடச் சொல்லுவாங்க. பழகிக்கறேன்."

"வாயை மூடிட்டு அந்தத் துடுப்பை எடு."

முதலில் தேங்காய்ப்பால். அது வற்ற வற்ற எண்ணெயாகப் பிரிந்து, நடுவில் சக்கை மிதந்தது. கார மாஸ்டர் எட்டிப் பார்த்து, "தலைக்குத் தேச்சுக்கலாம்ணே" என்றார். அடுத்து முந்திரியை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் கிண்டினார். வழவழவென்று உருண்டு வந்தது. நல்ல இனிப்புதான், ஆனால் அது முந்திரி கேக். அப்புறம் சோயா. கொதி வந்ததும் பின்கட்டு முழுக்கப் பச்சை வாடை கிளம்பியது.

"மாட்டைக் காப்பாத்தப் போயி மாட்டுத் தீவனத்தையே கிண்டிட்டீங்களேண்ணே."

மாஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டியில் அந்தக் கூழ் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமாகக் கோவா கிண்டுவது தன் திறமை என்று நினைத்திருந்தார். ஊரும் அப்படித்தான் சொன்னது. இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் பால் செய்த வேலை. ஏடு கட்டுவது அது, திரள்வது அது, மணல் மணலாகச் சட்டியின் ஓரத்தில் ஒதுங்குவதும் அதுதான். இவர் பக்கத்தில் நின்று அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவே. பாலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது துடுப்பைப் பிடித்த ஒரு ஆள். அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூக்கையும் நம்ப முடியாது. நெய்க்கும் பாலுக்கும் அவர் மூக்கு எப்போதோ மரத்துப் போயிருந்தது. மற்றவர்கள் கடைக்குள் நுழைந்ததும் இழுத்து மூச்சு விடுவார்கள். அவருக்கு அது வெறும் காற்று.

ஆனாலும் விடவில்லை. சோயாவைத் தோல் நீக்கிக் கொதிக்கிற வெந்நீரோடு அரைத்தால் பச்சை வாடை வருவதில்லை என்பது தட்டுத்தடுமாறிப் பிடிபட்டது. அந்தப் பாலில் எலுமிச்சை பிழிந்து திரியவைத்து, வடிகட்டி, உதிர்த்தால் மணல் கிடைத்தது. முந்திரி விழுதை வாசனை நீக்கிய தேங்காயெண்ணெயில் சிவக்க வறுத்து, அதில் முந்திரிப் பாலை ஊற்றிச் சுண்டவிட்டு, உதிர்த்ததைச் சேர்த்துச் சர்க்கரை போட்டுக் கிண்டினார். கார மாஸ்டர் விரலில் வழித்து வாயில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே பெரிய பாராட்டு.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கோவாவை இறக்கும் நேரத்தில் மாஸ்டரின் இடது கை தானாக அடுப்புக்குப் பக்கத்திலிருக்கும் தூக்குவாளிக்குப் போகும். உள்ளே கிடக்கிற கரண்டியால் உருகிய நெய்யை எடுத்துச் சட்டியின் ஓரமாக ஒரு சுற்று விடும். கண் அப்போது அந்தப் பக்கம் திரும்பாது. திரும்பக் கூடாது, பதம் தப்பிவிடும். ஒத்திகையில் ஒருமுறை அப்படியே நெய் விழுந்துவிட்டது. அந்தச் சட்டியில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டார்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கையைத் திருத்த இனி முடியாது, வாளியை மாற்றிவிடலாம். கடையில் தூக்குவாளி எல்லாம் ஒரே அச்சு. ஒன்றை எடுத்துத் தேய்த்துக் கழுவி, வாசனை நீக்கிய தேங்காயெண்ணெயை ஊற்றி, நெய் இருக்கும் இடத்தில் வைத்தார். நெய் வாளியைத் தூக்கி அலமாரிக்குக் கீழே தரையில் வைத்தார். கை தன் பாட்டுக்குப் போய் வரட்டும். நல்ல யோசனை என்று அவருக்கே தோன்றியது. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொன்னார்.

"கெட்டிக்காரர்தான்" என்றாள் அவள். "அன்னிக்குப் பருப்பு வச்சப்ப என் கைக்கும் ஒரு வாளி மாத்தி வச்சிருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் ஏக வேலை. எங்கோ பெரிய ஆர்டர். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள். மாஸ்டர் புதுச் சட்டி, புதுத் துடுப்பு, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு மூலை அடுப்பில் கிண்டினார். அடுத்த அடுப்பில் நிஜப் பால்கோவா கொதித்துக்கொண்டிருந்தது. அதையும் அவர்தான் பார்க்க வேண்டும். நடுவில் முதலாளி முன்பக்கம் கூப்பிட்டார், பெட்டியில் எடை குறைவு என்று ஒருவர் தகராறு. தீயைக் குறைத்துவிட்டுப் போய்ச் சமாதானம் சொல்லி வந்தார். வந்தபோது கோவா சட்டியை விட்டு விலக ஆரம்பித்திருந்தது. துடுப்பை எடுத்தார். மணல் ஒதுங்கியது. இதுதான் நேரம் என்று தெரிந்தது. கை இடது பக்கம் போய் வந்தது, ஒரு சுற்று விட்டது. இறக்கினார்.

இத்தனை நாளில் இப்படி வந்ததில்லை. பளபளவென்று, தொட்டால் உதிர்கிற மாதிரி, உதிராத மாதிரி. பெட்டியில் போட்டுக்கொண்டு, மிச்ச வேலையை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார். வழியில் தானாகச் சிரித்துக்கொண்டார். எதிரே வந்த யாரோ தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்குச் சிரித்தார்.

மகள் வந்திருந்தாள். பை சுவரோரம் இருந்தது. அவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு தட்டில் இரண்டு துண்டு வைத்து அவள் முன் நீட்டினார். மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். 

மகள் அவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

"நல்லா இருக்கா?"

"அப்படியே இருக்குப்பா. அதேதான். சட்டியைச் சுரண்டுவேனே, அதே."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இதுக்குத்தான் ஒரு மாசமா மனுஷன் தூக்கத்துலயும் கிண்டிக்கிட்டுக் கிடந்தாரு. போர்வை பூரா துடுப்பு போட்டுக் கிண்டின மாதிரி இருக்கும்."

மகள் சிரித்தாள். இரண்டாவது துண்டை எடுத்துப் பாதி கடித்தாள். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். சந்தேகத்தில் அல்ல, ஆசையாகத்தான்.

"நெய் வாசனைகூட அப்படியே வந்திருக்கே. எப்படிப்பா பண்ணீங்க?"

மாஸ்டர் பெருமையாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முந்திரியை எண்ணெயில் சிவக்க வறுத்தேன், அதனால் வருகிற வாசனை. இதைத்தான் சொல்ல இருந்தார். ஆனால் அதற்கு முன் கண்ணுக்குள் ஒரு காட்சி வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அலமாரிக்குக் கீழே தரை வெறுமையாக இருந்தது. ஈரத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. அப்போது அது மனசில் படவில்லை.

"இதோ வரேன்" என்று வெளியே மாடிப்படிக்குப் போய்க் கார மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, பாப்பா என்ன சொல்லிச்சு?"

"அது இருக்கட்டும். தரையில ஒரு நெய் வாளி வச்சிருந்தேனே, அது எங்க?"

"அதுவா, அடுப்புக்குப் பக்கத்துல அது எடத்துலதான் இருக்கு. காலடியில கிடந்துச்சு, யாராவது தட்டிவிட்டுடப் போறாங்கன்னு நான்தான் எடுத்து வச்சேன். இன்னொரு வாளியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டு."

"எப்ப வச்ச?"

"காலையில."

"காலையில எப்ப? நான் இறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"



"நீங்க முன்பக்கம் போனீங்களே, அப்பவா... இல்ல, நீங்க கிளம்பறப்பவா... தெரியலையேண்ணே. நான் வாளியைத்தான் பார்த்தேன், உங்களைப் பார்க்கல."

"சரி, அந்த எண்ணெய் வாளியைப் பாரு. விளிம்பு வரைக்கும் ஊத்தியிருந்தேன். ஒரு கரண்டி குறைஞ்சிருக்கா?"

"அதை மிக்சர் சட்டியில கொட்டிட்டேண்ணே. உங்க வேலைதான் முடிஞ்சுதே, வீணாப் போகுமேன்னு."

அவரைத் திட்ட மாஸ்டருக்கு வாய் வரவில்லை. பின்கட்டில் எந்தச் சாமான் எங்கே கிடந்தாலும் எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று அவரையும் மற்றவர்களையும் பழக்கியதே மாஸ்டர்தான். படியில் உட்கார்ந்து கையை மூக்குக்குக் கொண்டுபோனார். ஒரு வாசனையும் தெரியவில்லை. சட்டையை இழுத்து முகர்ந்தார். காற்றுதான்.

மனைவி பின்னாலேயே வந்திருந்தாள். மாஸ்டர் நடந்ததை அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். அவள் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து முகர்ந்தாள்.

"நெய்தாங்க" என்றாள். அப்புறம் அவர் தோள் பக்கம் குனிந்தாள். "இல்ல, உங்க மேல இருந்து வருதா? எங்கேயிருந்து வருதுன்னு தெரியலையே."  "என்னங்க, வாயைத் திறக்காதீங்க. அது சந்தோஷமா இருக்கு. போட்டது நிச்சயமாத் தெரிஞ்சா வேற. தெரியாததுக்கு எதுக்கு?"

அதில் நியாயம் இருந்தது. அவர் ஒத்துக்கொண்டு தலையாட்டினார். அப்படியே உள்ளே போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். மகள் மிச்சத்தையும் பெட்டியோடு வாங்கிக்கொண்டு விமானம் ஏறியிருப்பாள். ஆனால் உள்ளே போனபோது அவள் அந்தப் பாதித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வந்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தாள்.

"பாப்பா, அதை வாயில போடாத" என்றார்.

சொல்ல ஆரம்பித்தார். வாளி, அலமாரி, தரை, எண்ணெய், மிக்சர் எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது.   சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. மனைவி போய் அதை அடைத்தாள். 

மகள் பாதித் துண்டைத் தட்டில் வைத்தாள். விரலைத் துடைக்கவில்லை.

"போட்டுட்டேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லப்பா. நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். வருத்தப்பட்டுட்டு விட்டுடுவேன்."

"தெரியலம்மா."

"அப்ப போடலைன்னு சொல்லுங்க."  "நீங்க சொன்னா நம்பறேன். நான் வேற யாருகிட்டயும் கேக்கப் போறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, போதும்."

ஒரு வார்த்தைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கதவருகில் நின்ற மனைவி, சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். சொல்லக்கூடாது என்று அவருக்கும் எந்தப் பிடிவாதமும் இல்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் நிற்க அவரிடம் ஒன்றும் இல்லை. இறக்கிய நேரத்தை நினைத்துப் பார்த்தார். கோவா தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒதுங்கிய மணல் தெரிந்தது. தன் கை தெரியவே இல்லை.

தரையில் உட்கார்ந்தபடியே இடது கையை நீட்டினார். காற்றில் ஒரு கரண்டியை எடுத்தார், தட்டைச் சுற்றி ஒரு வட்டம் விட்டார். கரண்டியின் கனம் நினைவு வருமா, சூடு நினைவு வருமா என்று பார்த்தார். மறுபடியும் நீட்டினார். எடுத்தார், சுற்றினார். கை நன்றாகத்தான் போய் வந்தது, ஒரு பிசிறு இல்லாமல். எதிலிருந்து எடுத்தது என்று மட்டும் தெரியவில்லை.

"சரிப்பா" என்றாள் மகள்.

அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒருமுறை போனால் பிடிபட்டுவிடும் என்று நினைத்தார். மறுபடி நீட்டியபோது அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"போதும்ப்பா. விடுங்க."

கையை அவர் அவளிடமே விட்டுவிட்டார்.  அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். கேட்க மாட்டேன் என்று சொன்னவள் கேட்டுவிட்டாள், கேட்டதை இனி கேட்காததாக ஆக்க அவளாலும் முடியாது. தட்டில் பாதித் துண்டு கடித்த இடம் மட்டும் காயத் தொடங்கியிருந்தது. மனைவி வந்து தட்டை எடுக்கக் குனிந்தாள். எடுத்து எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அப்படியே வைத்துவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.